மலரிலிருந்து திருவிழாவுக்கு: தமிழ்க் காமிக்ஸ் தொகுப்புகளின் விற்பனைக்களமும் கள்ளக்குறிச்சி – கல்வராயன்மலை வாசகரும் (1972–2024)

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் காமிக்ஸ் தொகுப்புகள் 1980களில் தீபாவளி மலர், கோடை மலர் என்னும் பருவகாலச் சிறப்பிதழ்களாக வளர்ந்தன. 2012-க்குப் பின்னர் அவை புத்தகக் காட்சிகளை மையமாகக் கொண்டு வெளியிடப்படும் விலைமிக்க நூல்களாக மாறின. இந்த மாற்றம் சிறு பதிப்பகங்களை நிலைநிறுத்தியது. அதே வேளையில் தொகுப்பின் வாசகரையும், அது சென்றுசேரும் நிலப்பரப்பையும் மாற்றியது. இம்மாற்றத்தின் வரலாற்றைக் கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை ஆகிய பகுதிகளின் நிலையிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது. உலகச் சிறுபதிப்பு விழாக்களின் அமைப்பையும் தமிழ்நாட்டுப் புத்தகத் திருவிழாக்களின் அமைப்பையும் ஒப்பிட்டு, 2022 முதல் மாவட்டந்தோறும் நிகழும் திருவிழாக்கள் இவ்வகை நூல்களுக்குத் தரக்கூடிய வாய்ப்பையும் இது மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: காமிக்ஸ், வரைகதை, தொகுப்பு, மலர், புத்தகத் திருவிழா, சிறுபதிப்பு, கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை.

1. முன்னுரை

தமிழ் இதழியல் வரலாறுகளில் காமிக்ஸ் பெரும்பாலும் சிறுவர் இலக்கியத்தின் ஓர் உட்பிரிவாகவே இடம்பெறுகிறது. கதைத்தலைவர்களின் பெயர்களும் இதழ்கள் தொடங்கிய ஆண்டுகளும் அவற்றில் பட்டியலிடப்படுகின்றன. அந்நூல்கள் எவ்வழியாக வாசகரை அடைந்தன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஒரு நூல் எங்கே விற்கப்படுகிறது என்பது அதன் விலையையும் கட்டமைப்பையும் வெளிவரும் காலத்தையும் தீர்மானிக்கிறது. முடிவில் அதை யார் வாசிப்பார் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அச்சு வரலாற்றாய்வில் நிறுவப்பட்ட இவ்வுண்மை தமிழ்க் காமிக்ஸுக்கும் பொருந்தும்.

இவ்வாய்வுக்குக் கள்ளக்குறிச்சி நிலைக்களமாகக் கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்க் காமிக்ஸ் அச்சான ஊர் சிவகாசி. அது திருவிழா நூலாக உருப்பெற்ற ஊர்கள் சென்னையும் ஈரோடும். கள்ளக்குறிச்சி இவற்றுள் எதனோடும் சேராதது. ஒரு வாசக ஊர் மட்டுமே. அச்சிடும் இடத்திலிருந்தோ வெளியீட்டு விழா நிகழும் மேடையிலிருந்தோ பார்க்கும்போது புலப்படாத மாற்றங்கள் இத்தகைய ஊரிலிருந்து பார்க்கும்போது தெளிவாகின்றன. அவ்வூருக்கு மேற்கே உயரும் கல்வராயன்மலையைச் சேர்த்து நோக்கினால் விற்பனை வழிகளின் எல்லை எதுவென்பதும் விளங்கும்.

2. தொகுப்பு என்னும் வடிவம்

படக்கதை, சித்திரக்கதை, வரைகதை எனப் பல சொற்கள் வழக்கில் இருப்பினும், வாசகரிடையே நிலைபெற்ற சொல் காமிக்ஸ் என்பதே. ஆதலின் இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது. தொகுப்பு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட கதைகளையோ, ஒரு நெடுங்கதையின் பல பாகங்களையோ ஒரே கட்டுக்குள் தரும் நூலைக் குறிக்கிறது.

தமிழ்க் காமிக்ஸ் தொகுப்பின் வேர்களை மேலைநாட்டு முன்மாதிரிகளில் மட்டும் தேடுவது முழுமையாகாது. தமிழ் வார இதழ்கள் வளர்த்தெடுத்த தீபாவளி மலர் மரபு அதன் நேரடி முன்னோடியாகும். ஆண்டுக்கொரு முறை வழக்கத்தைவிடக் கூடுதல் பக்கங்களோடும் கூடுதல் விலையோடும் பண்டிகையை ஒட்டி வெளிவரும் சிறப்பு வெளியீட்டைத் தமிழ் வாசகர் நன்கறிவர். 1984 சூலையில் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு சிவகாசியில் தொடங்கப்பட்ட லயன் காமிக்ஸ் இம்மரபைத் தனதாக்கிக்கொண்டது. 1980களின் நடுப்பகுதியிலிருந்தே கோடை மலர், தீபாவளி மலர் என்னும் பெயர்களில் பல கதைகள் அடங்கிய தடித்த இதழ்கள் வெளிவந்தன. 1987 தீபாவளியை ஒட்டி ஐந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் பத்து ரூபாய் விலைக்கு வந்த லயன் சூப்பர் ஸ்பெஷல் அவற்றுள் வாசகர் நினைவில் நிலைத்த ஒன்று.

இம்மலர்கள் வெளியான காலம் நோக்கத்தக்கது. கோடை என்பது பள்ளி விடுமுறைக் காலம். தீபாவளி என்பது சிறுவர் கையில் சிறிது பணம் புழங்கும் காலம். தொகுப்பின் நாட்காட்டி சிறுவரின் நாட்காட்டியோடு பொருந்தியிருந்தது. பிற்கால மாற்றத்தை மதிப்பிட இக்குறிப்பு உதவும்.

3. முகவர் வழி

1972 சனவரியில் மு. சௌந்தரபாண்டியன் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் கென்னத் பல்மர் எழுதி, எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்து தொடங்கிய தொடரே தமிழில் இப்பெயர் பெற்றது. முல்லை தங்கராசன் அந்நாளைய தமிழாக்கத்தில் பெரும்பங்காற்றினார். நாட்காட்டியும் தீப்பெட்டிச் சிட்டையும் அச்சிடும் ஊராகப் பெயர்பெற்ற சிவகாசியில் அச்சு வசதி மலிவாகக் கிடைத்தது. ஆயினும் வாசகர் தமிழகம் எங்கும் பரவியிருந்தனர். எனவே இந்நூல்கள் பிறப்பிலேயே பயணத்தை நம்பியவை.

பயணத்திற்கு உதவியவர்கள் முகவர்கள். பதிப்பகத்திலிருந்து கட்டுகள் மாவட்ட முகவருக்குச் செல்லும். அவரிடமிருந்து சிறுகடைகளுக்குப் பிரியும். தொடர்வண்டி நிலையப் புத்தகக்கடைகளும் பேருந்து நிலையப் பத்திரிகைக் கடைகளும் இவ்வழியின் இறுதிக் கண்ணிகள். இம்முறையில் கடைக்காரரின் கழிவு, முகவரின் கழிவு, விற்காத படிகளின் இழப்பு ஆகிய மூன்றும் விலைக்குள் அடங்க வேண்டும். பணம் பதிப்பகத்திற்குத் திரும்பிவரக் காலதாமதமும் ஆகும். இதனைத் தாங்குவதற்கு இரண்டே வழிகள் இருந்தன: படிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது, தாளையும் அச்சையும் மலிவாக்குவது. செய்தித்தாள் தரத் தாள், கறுப்பு வெள்ளை அல்லது இருவண்ண அச்சு, கையடக்க அளவு ஆகிய பண்புகள் இவ்வழியின் விளைவுகளே. அவற்றை அழகியல் தேர்வுகளாக மட்டும் கருத இயலாது.

1984 சூலையிலேயே தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைத் தொடங்கியது. அதன் முதல் இதழின் விலை 1 ரூபாய் 50 காசு. லயன் காமிக்ஸ் முதல் இதழின் விலை 2 ரூபாய். நாளிதழ் சென்ற ஊர்களுக்கெல்லாம் செல்லும் விநியோகப் பின்னல் ராணி காமிக்ஸுக்கு இருந்தது. சிவகாசிப் பதிப்பகத்திற்கு அத்தகைய சொந்தப் பின்னல் இல்லை. ஒரே மாதத்தில் பிறந்த இரு இதழ்களின் வேறுபாட்டை இங்கே காண்கிறோம். ஒன்று பெருநிறுவனத்தின் துணைப்பொருள். மற்றொன்று தன் விற்பனையில் மட்டுமே உயிர்வாழ வேண்டிய தனிப்பதிப்பு. இப்பொருளில்தான் லயன், முத்து ஆகிய வெளியீடுகளை இக்கட்டுரை சிறுபதிப்பாகக் கருதுகிறது.

4. கள்ளக்குறிச்சி: வழியின் கடைமுனை

கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த இந்நகர் நெல், கரும்பு, மரவள்ளி விளையும் சுற்றூர்களுக்குச் சந்தை மையம். ஆனால் பத்திரிகை விநியோகத்தின் ஒரு முதன்மைக் களமான தொடர்வண்டி நிலையம் இந்நகருக்கு நெடுங்காலமாக அமையவில்லை. விருத்தாசலம் – சேலம் தடத்திலுள்ள சின்னசேலமே அண்மை நிலையம். தொடர்வண்டி நிலையப் புத்தகக்கடை என்னும் கண்ணி இல்லாத ஊரில், பேருந்து நிலையத்துக் கடையே அச்சுப் பொருளின் வாயில். பல மாவட்டத் தலைநகரங்களுக்கு இரு வழிகள் இருந்தபோது கள்ளக்குறிச்சிக்கு ஒரு வழியே இருந்தது.

மலையின் நிலை இதனினும் வேறானது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறும் சாலை வெள்ளிமலை, கரியாலூர் ஆகிய ஊர்களை அடைகிறது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரமும் கொண்டவை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார் மரபினரின் ஆட்சியில் 1976 வரை இருந்தது. அவ்வாண்டு சூன் 25-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபோது இவ்வரலாறும் மீண்டும் பேசப்பட்டது. முத்து காமிக்ஸ் முதல் இதழ் தமிழகக் கடைகளில் தொங்கிய 1972-இல், இம்மலை நவீன ஆட்சியமைப்புக்கே வெளியில் இருந்தது. முகவர் வழி மலையடிவாரத்தோடு முடிந்தது என்பது இதனால் விளங்கும்.

மலைச்சிறுவர் ஒருவர் காமிக்ஸைக் காண இரண்டு வாய்ப்புகளே இருந்திருக்கும்: பெரியவர்களோடு சந்தைக்கு இறங்கிவரும் நாளில் பேருந்து நிலையக் கடை; அல்லது உண்டு உறைவிடப் பள்ளியில் பிறர் கொண்டுவந்த பழைய படி. இரண்டாவது வாய்ப்பைச் சிறிதாகக் கருத வேண்டியதில்லை. மலிவான காமிக்ஸ் ஒருவரால் வாங்கப்பட்டுப் பலரால் வாசிக்கப்படும் பொருள். கை மாறுதலே அதன் உண்மையான விநியோகம். விலை குறைவாக இருந்ததால் அதனை இரவல் தரத் தயக்கம் எழவில்லை; பழைய தாள் கடையிலும் அது மறுவாழ்வு பெற்றது. இப்பண்பே முகவர் வழி எட்டாத இடங்களுக்கும் காமிக்ஸைக் கொண்டுசென்றது எனலாம்.

5. வழியின் தளர்ச்சியும் திருவிழாவின் எழுச்சியும்

1990களில் தனியார் தொலைக்காட்சி அலைவரிசைகள் பரவின. ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகின. சிறுவர் இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாண்டுமாமா ஆசிரியராக விளங்கிய பூந்தளிர் 1980களிலேயே வாசகரின் பேரன்பைப் பெற்றிருந்தும் நீடிக்கவில்லை. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-இல் முடிவுற்றது. பெரும் விநியோகப் பின்னல் கொண்ட இதழே நின்றுவிட்ட நிலையில், அப்பின்னல் இல்லாத சிவகாசிப் பதிப்பகம் இடைவெளிகளோடும் தாமதங்களோடும் தொடர்ந்தது.

இக்கட்டத்தில் ஒரு முன்னோட்டம் நிகழ்ந்தது. 2010-இல் பெல்ஜிய நெடுங்கதையான ‘இரத்தப் படலம்’ பதினெட்டுப் பாகங்களும் ஒரே நூலாகக் கறுப்பு வெள்ளையில் முன்பதிவின் பேரில் அச்சிடப்பட்டன. வாசகர் முன்னதாகவே பணம் செலுத்தினர். முகவர் வழியில் கடைசியாக வந்துசேரும் பணம் இங்கே முதலில் வந்தது. அச்சுக்கு முன்பே படிகளின் எண்ணிக்கை தெரிந்தமையால் விற்காத படிகளின் இழப்பும் குறைந்தது. தொகுப்பு என்னும் வடிவம் பதிப்பகத்தின் முதலீட்டுச் சிக்கலுக்குத் தீர்வாக மாறிய தருணம் இது.

அடுத்த படி 2012 சனவரியில் எடுக்கப்பட்டது. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி லயன் கம்பேக் ஸ்பெஷல் 100 ரூபாய் விலையில் வெளியானது. உயர்தரத் தாள், பெரிய அளவு, வண்ண அச்சு என்பவை அதற்குப் பின் இயல்பாயின. 2013 சனவரியில் முத்து காமிக்ஸின் நாற்பதாண்டு நிறைவை முன்னிட்டு நெவர் பிஃபோர் ஸ்பெஷல் 400 ரூபாய்க்கு வந்தது. 2014 ஆகத்தில் லயனின் முப்பதாண்டு நிறைவை ஒட்டிய லயன் மேக்னம் ஸ்பெஷல் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வெளியிடப்பட்டது. 2018 ஆகத்தில் ‘இரத்தப் படலம்’ வண்ணத் தொகுதிகளும் அதே ஈரோட்டில் வாசகர் முன்னிலையில் வெளிவந்தன. ஈரோட்டு வாசகர் சந்திப்பு ஒரு வழக்கமாகவே ஆயிற்று.

இவ்விரு களங்களின் தன்மையையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1976-இல் அமைந்தது. 1977-இல் முதல் சென்னைப் புத்தகக் காட்சியை 22 அரங்குகளோடு நடத்தியது. ஈரோடு புத்தகத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவருகிறது. கள்ளக்குறிச்சிக்கு ஓரளவு அருகிலுள்ள நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் 1998 முதல் புத்தகக் காட்சியை நடத்திவந்தது. மாவட்டத் திருவிழா அமைவதற்கு முன்னர்க் கள்ளக்குறிச்சி வாசகர் பெரிய புத்தகக் காட்சியொன்றைக் காண நெய்வேலிக்கோ சென்னைக்கோ ஈரோட்டுக்கோதான் செல்ல வேண்டியிருந்தது.

திருவிழா வழி பதிப்பகத்திற்குத் தந்த நன்மைகள் வெளிப்படையானவை. இடைத்தரகர் கழிவு இல்லை. பணம் அன்றன்றே கைக்கு வருகிறது. அடுத்து எதனை வெளியிடலாம் என்பதை வாசகரிடமே கேட்டறிய முடிகிறது. வெளியீட்டு நாள் முன்கூட்டியே உறுதியாவதால் மொழிபெயர்ப்பு, அச்சு ஆகிய பணிகளுக்கு ஒரு கெடுவும் கிடைக்கிறது. ஊர் ஊராகச் சிதறியிருந்த வாசகர் ஒருவரையொருவர் கண்டு ஒரு குழுவாக உணர்ந்ததும் இக்களத்தில்தான். தமிழ்க் காமிக்ஸ் இன்றும் உயிரோடிருப்பதற்குப் புத்தகத் திருவிழாவும் சந்தா முறையும் தலையாய காரணங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் விலைகளை ஒப்பிடும்போது ஓர் உண்மை தெரிகிறது. 1987-இல் தொகுப்பின் விலை, இதழின் தொடக்க விலையாகிய 2 ரூபாயைப்போல் ஐந்து மடங்கு. 2013-இல் தொகுப்பின் விலை, முந்தைய ஆண்டின் 100 ரூபாய் வெளியீட்டைப்போல் நான்கு மடங்கு. தொகுப்புக்கும் தனி இதழுக்கும் இடையிலான விகிதம் பெரிதும் மாறவில்லை. மாறியது அடிப்படை விலையே. சிறுவர் தம் கைக்காசில் வாங்கத்தக்க தனி இதழ் என்ற படி ஏணியின் கீழிருந்து அகற்றப்பட்டது.

நாட்காட்டியும் மாறியது. தீபாவளி மலர் மரபு முற்றும் அற்றுப்போகவில்லை எனினும், பெரிய வெளியீடுகளின் காலம் கோடையிலிருந்து சனவரிக்கும் ஆகத்திற்கும் நகர்ந்தது. இவை பள்ளி நடக்கும் மாதங்கள். 1984-இல் பத்து வயதாக இருந்த வாசகர் 2014-இல் நாற்பது வயதினர், ஊதியம் பெறுபவர், ஈரோட்டுக்குப் பயணம் செய்யக்கூடியவர். தொகுப்பு அவரையே பின்தொடர்ந்து வளர்ந்தது.

திருவிழா சிறுவரை வெளியேற்றியது என்று இதனைக் கொள்ளுதல் பிழையாகும். சிறுவர் வாசிப்பு 2012-க்கு முன்பே பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சியிருந்த வாசகரைத் திருவிழா ஒன்றுதிரட்டியது என்பதே சரியான கூற்று. ஆனால் எஞ்சியவரை மையமாகக் கொண்டு அமைந்த விலையும் வடிவமும் களமும், புதிய சிறுவர் திரும்பி வரக்கூடிய வழியைத் திறந்து வைக்கவில்லை. இரவல் தரத் தயங்க வேண்டிய, கண்ணாடி அலமாரியில் காக்கத்தக்க நூலாகத் தொகுப்பு ஆனபோது, மலைவரை சென்ற கை மாறுதல் என்னும் விநியோகமும் நின்றது.

6. மேசையும் அரங்கும்

உலகில் சிறுபதிப்புக் காமிக்ஸ் விழாக்களின் வரலாறு இங்கே ஒப்புநோக்கத்தக்கது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் கிரம்ப் தம் சாப் காமிக்ஸ் முதல் இதழைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் விற்றார். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் நடந்த முதல் காமிக் மார்க்கெட் விழாவில் 32 குழுக்கள் பங்கேற்றன. பிற்காலத்தில் அது பல இலட்சம் பேர் கூடும் விழாவாயிற்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1994-இல் ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ தொடங்கியது. இவ்விழாக்களின் அடிப்படை அலகு மேசை. படைப்பாளர் தாமே ஒரு மேசையின் பின் அமர்ந்து, தாம் வரைந்ததைத் தாமே விற்கிறார். ஒரே ஒரு சிறுநூல் வைத்திருப்பவரும் பாதி மேசையைப் பெறலாம். பலர் சேர்ந்து கொண்டுவரும் தொகுப்பு நூல் இவ்விழாக்களில் தனிப்பயன் உடையது. பங்களித்த ஒவ்வொருவரும் தம் மேசையில் அதனை விற்பதால் ஒரு நூலுக்குப் பல விற்பனையாளர்கள் அமைகின்றனர். ஒருவரின் வாசகர் மற்றவருக்கும் வாசகராகின்றனர்.

இந்தியாவில் இம்முறையை அறிமுகப்படுத்த முயன்றவர்களுள் பரத் மூர்த்தி குறிப்பிடத்தக்கவர். ஜப்பானியத் தன்வெளியீட்டு இயக்கத்தை ஆவணப்படமாக்கிய அவர், 2010-இல் காமிக்ஸ் இந்தியா என்னும் தொகுப்பிதழைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கொண்டுவந்தார். அவரும் பிறரும் சேர்ந்து 2010களின் பிற்பகுதியில் இன்டி காமிக்ஸ் ஃபெஸ்ட் என்னும் விழாவைத் தொடங்கினர். பெருநகரங்கள் சிலவற்றில் அது நடைபெற்றது. சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் 2012-இல் ஆப்ளிட்டரரி ஜர்னல் என்னும் ஆங்கிலக் காமிக்ஸ் தொகுப்பை வெளியிட்டது. 2011-இல் தில்லியில் தொடங்கிய காமிக் கான் இந்தியா 2024 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது. எனினும் இவை பெருநகரத்தையும் பெரிதும் ஆங்கிலத்தையும் களமாகக் கொண்டவை.

தமிழ்ப் புத்தகத் திருவிழாவின் அலகு மேசையன்று, அரங்கு. நாள் வாடகை, பத்து நாள் தங்கும் செலவு, விற்பனைக்கு இரு ஆட்கள், அலமாரியை நிரப்பப் போதிய தலைப்புகள் ஆகிய அனைத்தும் இருந்தால்தான் அரங்கு கட்டுப்படியாகும். பல தலைப்புகள் உடைய பதிப்பகத்திற்கு இது பொருந்தும். ஒரே தொகுப்பு நூலோடு வரும் இளம் ஓவியர் குழுவிற்குப் பொருந்தாது. அவர்கள் தம் நூலைப் பிறர் அரங்கில் கழிவுக்கு வைக்க வேண்டும். அவ்வாறு வைத்த நூல் நூற்றுக்கணக்கான தலைப்புகளுள் ஒன்றாக முதுகு மட்டும் தெரிய நிற்கும். அதனை எடுத்துக்காட்டிப் பேச ஆளில்லை. படத்தால் ஈர்க்கும் நூலுக்கு இது பெருங்குறை. சிற்றிதழ்கள் நெடுங்காலமாக எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. ஆனால் சிற்றிதழுக்குத் தன்னைத் தேடிவரும் வாசகர் இருந்தனர். புதிய வரைகதைத் தொகுப்புக்கு அவ்வாசகர் இனிமேல்தான் உருவாக வேண்டும்.

தமிழில் மொழிபெயர்ப்பு வலுவாக நிற்க, சொந்தப் படைப்புகளின் தொகுப்பு நூல்கள் மெலிந்திருப்பதற்கு ஓவியர் இன்மை காரணமாகாது. வார இதழ்களின் ஓவிய மரபே அதற்குச் சான்று. தொடக்கநிலைப் படைப்பாளர் சிறு முதலீட்டில் வாசகரைச் சந்திக்கும் மேசை தமிழ்ச் சூழலில் இல்லை என்பதும் ஒரு காரணம் என இக்கட்டுரை கருதுகிறது.

7. மாவட்டத் திருவிழா: திறந்துள்ள வாயில்

2022 முதல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களை நடத்திவருகிறது. மாவட்ட நிர்வாகமும் பொது நூலகத் துறையும் பதிப்பாளர் சங்கமும் இதில் இணைகின்றன. கள்ளக்குறிச்சியும் இதன்வழித் தனக்கென ஒரு புத்தகத் திருவிழாவைப் பெற்றது. தொடர்வண்டி நிலையப் புத்தகக்கடையும் கண்டிராத ஊருக்கு நூறு பதிப்பகங்களின் நூல்களை ஒரே இடத்தில் காணும் வாய்ப்பு வந்தது வரலாற்றுச் சிறப்புடைய நிகழ்வே.

சென்னை, ஈரோட்டு விழாக்களிலிருந்து மாவட்டத் திருவிழா ஒரு வகையில் வேறுபடுகிறது. அங்கே பகல் நேரக் கூட்டத்தின் பெரும்பகுதி பள்ளி மாணவர். ஆசிரியர்கள் அவர்களை வரிசையாக அழைத்துவருகின்றனர். சில மாவட்டங்களில் திருவிழாவுக்கென உண்டியலில் காசு சேர்க்கும் பழக்கமும் ஊக்குவிக்கப்படுகிறது. அம்மாணவர் கையிலுள்ள தொகை சிறிது. பல நூறு ரூபாய் விலையுள்ள வண்ணத் தொகுப்பு அவர்களுக்குக் காட்சிப்பொருள் மட்டுமே. அவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துச் செல்லும் நூலே, அரை நூற்றாண்டுக்கு முன் அவர்கள் வயதினரை நம்பித் தொடங்கப்பட்ட நூல்வகை என்பது எண்ணத்தக்கது.

குறைந்த பக்கங்களில் குறைந்த விலையில் படநூல்களைத் தருவது இயலாததன்று. பள்ளிக் கல்வித் துறை 2022-இல் ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய சிறுவர் இதழ்களைத் தொடங்கியது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளில் சிறுநூல்களைப் படங்களோடு வகுப்பறைக்குக் கொண்டுசென்றது. அரசின் அச்சு இம்முறையில் பேருந்து நிலையக் கடை எட்டாத மலைப்பள்ளிகளையும் சென்றடைய வல்லது. தனிப்பதிப்பு அவ்விடத்தை அடைய வேண்டுமாயின் அதற்கு வேறு வழிகள் தேவை.

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே மூன்று வழிகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொகுப்பைப் பிரித்தல். பெருந்தொகுப்பில் இடம்பெறும் கதைகளுள் ஒன்றைச் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளைச் சிறுநூலாக மாவட்டத் திருவிழாவுக்கென அச்சிடலாம். ஏணியின் கீழ்ப்படியை மீண்டும் பொருத்துவதாக இது அமையும். இரவலும் கை மாறுதலும் இவ்வகைச் சிறுநூலுக்கே இயலும். இரண்டாவது, மேசை. மாவட்டத் திருவிழாவில் இரண்டு அரங்குகளின் இடத்தைச் சிறுபதிப்பு மேசைகளுக்கு ஒதுக்கி, ஓரிரு நாட்களுக்கு மட்டும் வாடகை பெறலாம். ஓவியர் மாணவர் முன் அமர்ந்து வரைந்து காட்டுவதைவிடச் சிறந்த விளம்பரம் இவ்வகை நூலுக்கு இல்லை. மரச்சிற்பத்திற்காகப் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சியில், கைவினைஞர் தம் படைப்பின் அருகிலிருந்து விற்பது புதுமையன்று. மூன்றாவது, மலைக்குச் செல்லல். திருவிழா முடியும் நாட்களில் ஒரு வண்டி வெள்ளிமலை, கரியாலூர் உறைவிடப் பள்ளிகளுக்குச் சென்றுவருவது பெருஞ்செலவன்று.

இம்மூன்றனுள் முதலாவதற்குப் பொருளியல் தடை உண்டு. அயல்நாட்டுக் கதைகளின் உரிமைத்தொகையும் படிகளின் குறைந்த எண்ணிக்கையும் மலிவுப் பதிப்பைக் கடினமாக்கும். ஆதலின் அது சொந்தப் படைப்புகளுக்கே எளிதில் பொருந்தும். மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழிக் கதைகளும் ஜாகிர் காலத்து நினைவுகளும் அம்மக்களின் இசைவோடும் பங்கேற்போடும் வரைகதையாகத் தக்கவை. அத்தகைய நூலுக்கு உரிமைத்தொகை அயல்நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. கதை சொன்னவருக்கே அது சேர வேண்டும்.

8. முடிவுரை

தமிழ்க் காமிக்ஸ் தொகுப்பு, பண்டிகை மலரிலிருந்து புத்தகத் திருவிழாச் சிறப்பு நூலாக மாறிய வரலாறு இரு முகங்கள் கொண்டது. முகவர் வழி தளர்ந்தபோது முன்பதிவு, சந்தா, திருவிழா ஆகியவை சிறுபதிப்பைக் காத்தன. அவ்வாறு காத்தபோது நூலின் அடிப்படை விலை உயர்ந்தது. வெளியீட்டு நாட்காட்டி பள்ளி விடுமுறையிலிருந்து விலகியது. மலிவுத்தாள் இதழுக்கு இருந்த கை மாறும் இயல்பு மறைந்தது. கள்ளக்குறிச்சி போன்ற கடைமுனை ஊர்களும், முகவர் வழி ஒருபோதும் ஏறாத கல்வராயன்மலையும் இம்மாற்றத்தின் விலையைக் கொடுத்தன.

மாவட்டத் திருவிழா இவ்வரலாற்றில் மூன்றாவது கட்டத்தைத் தொடங்கிவைத்துள்ளது. வாசகர் திருவிழாவைத் தேடிச் சென்ற நிலை மாறி, திருவிழா வாசகரின் ஊருக்கு வந்துள்ளது. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் என அமைந்த நூலையே மாற்றமின்றி இங்கும் கொண்டுவந்தால், நாற்பது வயது வாசகருக்குப் பயணச் செலவு மிஞ்சும். பத்து வயது வாசகருக்கு எதுவும் மாறாது. திருவிழாவின் அலகையும் நூலின் அளவையும் இவ்வூருக்கேற்ப அமைத்தால், 1972-இல் மலையடிவாரத்தில் நின்ற வழி மேலும் சில மைல்கள் ஏறக்கூடும். மாவட்டத் திருவிழாக்களில் மாணவர் எவற்றை எடுத்துப் பார்க்கின்றனர், எவற்றை வாங்குகின்றனர், எவற்றை வைத்துச் செல்கின்றனர் என்பதைக் களஆய்வாக மேற்கொள்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.